தாடைக்குள் வைத்தது தனலட்சுமியின் கை

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். டாக்டர் தனலட்சுமி மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை காலை போத்தனூரிலிருந்து அவர் தம்பி தொலைபேசியில் சொன்னார். வெள்ளிக்கிழமை நம் மருத்துவமனையில் இரங்கல் கூட்டம். நோயாளியின் ரத்தத்தைக் கொண்டே தாடை எலும்பை ஆற்றும் முறையைத் தாம் இங்கே கொண்டுவந்தபோது அந்த அம்மையார் கூடமாட உதவியாக இருந்தார் என்று தலைமை மருத்துவர் பேசினார். நீங்களும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தீர்கள்.

உதவியா? பல்லடத்து விசைத்தறிக்காரர் பழனிசாமியை மறந்துவிட்டீர்களா? அவர் கீழ்த்தாடையில் இருந்த நீர்க்கட்டியை எடுத்தால் அங்கே கோலிக்குண்டு போகும் அளவுக்குப் பள்ளம் விழும் என்று தெரிந்திருந்தது. அவர் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து இயந்திரத்தில் சுழற்றி, மேலே பிரியும் மஞ்சள் நீரை உறையவைத்து அந்தப் பள்ளத்தில் வைக்கலாம் என்றார் தனலட்சுமி. ரத்தம் வேண்டும் என்ற பேச்சு மட்டும் ஊருக்குப் போய்விட்டது. மறுநாள் ஒரு வேன் நிறையப் பங்காளிகளும் மச்சான்மார்களும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

"ஏனுங்க டாக்டரம்மா, எங்க ரத்தத்துல என்னங்க கொறை?" என்று மூத்த மச்சான் கோபித்துக்கொண்டார்.

"கொறை ஒண்ணுமில்லீங்க. இது அவரு வாய்க்கு அவரே போட்டுக்கற உரமுங்க. நீங்க காப்பி குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க."

அன்று மாலை தலைமை மருத்துவர் அதை மாந்திரீகம் என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். தனலட்சுமி, தம் சொந்தப் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அறுவைச் சிகிச்சையைச் செய்தார்.

நான்காம் மாத எக்ஸ்ரேயில் பள்ளம் தூர்ந்திருந்தது. நான் குதித்தேன். தனலட்சுமி குதிக்கவில்லை.

"அதுபாட்டுக்கு ஆறியிருந்தாலும் ஆறியிருக்குமுங்க. ஒரு தாடையை வெச்சுக்கிட்டு ஊரைக் கூட்டாதீங்க."

ஊரைக் கூட்டியவர் தலைமை மருத்துவர். அதே எக்ஸ்ரேயைச் சென்னை மாநாட்டில் தம் சிகிச்சை என்று காட்டினார். நியாயம் கேட்கப் போன தனலட்சுமியை மறுவாரமே புறநோயாளிப் பிரிவில் பல் பிடுங்க உட்காரவைத்தார். கடைசிவரை அவர் அங்கேதான் இருந்தார்.

அந்த மாநாட்டு ஸ்லைடுகளில் தனலட்சுமியின் பெயரை எடுத்துவிட்டுத் தலைமை மருத்துவர் பெயரை எழுதியவன் நான். பதவி உயர்வு வரும் என்றார்கள். வரவில்லை.

அசல் எக்ஸ்ரே என்னிடம் இருக்கிறது. உறையின்மேல் பென்சிலில் அவர் கையெழுத்து: நோயாளியின் பெயர், சிகிச்சை நாள், 'செய்தது: தனலட்சுமி'. அந்த உறையின் நகலை உங்கள் ஒவ்வொருவருக்கும் இதனுடன் வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அவர் கொடுத்ததல்ல, நான் திருப்பித் தராதது.

எழுதியது யார் என்று எளிதாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனாலும் கீழே என் பெயரைப் போட்டால் அவருக்காக நான் எழுந்து நின்றதுபோல் ஆகிவிடும். நான் நிற்கவில்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.