கண்டக்டரம்மாவின் வாய்ப்பூட்டு

கண்டக்டரம்மா வாயைத் திறந்தால் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து டிக்கெட் வாங்குவான். அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர், "சாப்பாட்டு நேரத்துல திட்டாதீங்க. சாப்பிட்டா பாராட்டுங்க, சாப்பிடலன்னா கண்டுக்காம விடுங்க" என்றார்.

மகள் வாண்டுக்கு ஏழு வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய். நெஞ்சில் சளி கெட்டிப்படும், தின்றது உடம்பில் ஒட்டாது. உலகமே வெண்ணெயைக் கண்டு ஓடுகிற காலத்தில், இந்தப் பிள்ளை மட்டும் செரிமான மாத்திரையை விழுங்கிவிட்டு வெண்ணெயும் சீஸுமாகத் தின்ன வேண்டும். அடுத்த தடவை காட்ட வருவதற்குள் எடை ஏறவில்லையென்றால் வயிற்றில் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். வாண்டு ரொட்டியை ஒதுக்கினால் கண்டக்டரம்மா சுவரைப் பார்த்தாள். பாலைத் தள்ளினால் கூரையைப் பார்த்தாள். நாக்கு நமநமவென்று அரித்தது. ஒரு வாய் உள்ளே போனால், "என் தங்கம், எவ்வளவு அழகா மெல்லுது" என்றாள். பாராட்டிப் பழகாத வாயிலிருந்து அது இரங்கல் கூட்டத்தில் பேசுகிற மாதிரி வந்தது. தையற்காரக் கணவன், "என்கிட்டயும் ஒருநாள் இப்படிப் பேசேன்" என்று கேட்டுப் பார்த்தான்.

"உங்களுக்கு எடை குறையணும்" என்றாள்.

வாண்டு சாப்பிடுவதோ நாளுக்கு நாள் குறைந்தது. ஒரு மத்தியானம் வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு தொடாமலே ஆறிக் கிடந்தது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் செத்துப் போயிடுவேனா?"

கண்டக்டரம்மா சுவரிலிருந்து சட்டென்று திரும்பினாள். "யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ என்னைத் திட்டவே மாட்டேங்கற. தங்கம்ங்கற. எதிர்வீட்டு மாமாவுக்கு ரொம்ப முடியாம போனப்பவும் எல்லாரும் இப்படித்தான் பேசினாங்க."

தையற்காரன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். ஆலோசகர் சொன்னதில் தப்பில்லை. அவருக்கு இந்த வீட்டைத் தெரியாது, அவ்வளவுதான்.

"ஏண்டி கழுதை, செருப்பை எங்க கழட்டிப் போட்டிருக்க?" கண்டக்டரம்மா ஆரம்பித்தாள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. "நடுவழியில போட்டா யாரு தடுக்கி விழறது? பென்சில் டப்பா எங்க? நாளைக்கு வளந்து வேலைக்குப் போனப்புறமும் உன் செருப்பை நான்தான் எடுத்து வைக்கணுமா?"

வளர்ந்து என்ற இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள். வாண்டு மாத்திரையை விழுங்கிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டாள்.

"வெண்ணெய் பத்தலம்மா" என்றாள்.