துடைத்துக் கொண்டுபோன கார்

இந்த ஊரில் கார் சத்தமே போடாமல் நோயைச் சொல்கிறது. பிப்ரவரியில் ஒரு காலை, என் பழைய காரின் முகப்பில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. புகை இல்லை, நடுக்கம் இல்லை, இழுவையிலும் குறையில்லை. ஆனால் அந்த விளக்கு எரிந்தால் வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷனில் தேற முடியாது. போன வருடம் தேறியதற்காகக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்கு அந்த மாதத்தோடு ஆயுள் முடிகிறது. மார்ச் ஒன்றாம் தேதி, திங்கள்கிழமை, என் மனைவி செல்வி வேலையில் சேர வேண்டும்.

காஞ்சிபுரத்தில் அவள் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்தவள். இங்கே வந்தபின் ஐந்து வருடம், விசாவில் கணவனைச் சார்ந்தவர் என்று இருந்ததால், வேலை செய்ய அனுமதி இல்லை. இப்போதுதான் அனுமதி வந்து, முப்பது மைல் தள்ளி ஒரு ஆஸ்பத்திரி லேபில் இடம் கிடைத்திருந்தது. அங்கே பஸ் போகாது. எங்களிடம் இருப்பது ஒரே கார்.

விளக்கு ஏன் எரிகிறது என்று வாசித்துச் சொல்ல ஒர்க்‌ஷாப்பில் கேட்ட கூலிக்கு, வாசிக்கும் கருவியையே வாங்கிவிடலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் சொருகினால் குறையின் எண் தெரியும். உதிரிபாகக் கடையில் மூன்று வகை இருந்தன. மலிவானது எண்ணைக் காட்டும், அழிக்கும்; அவ்வளவுதான். அடுத்தது, கார் தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்பதையும் காட்டும். மூன்றாவதற்கு லேப்டாப் வேண்டும்.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்றால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கடைக்காரர். காஞ்சிபுரத்தில் வளர்ந்தவனிடம் இது செல்லாது. கேட்ட விலையில் ஒரு புடவையைக் காட்டிவிட்டு, "இதையும் சும்மா பாருங்க" என்று அதற்கு மேல் விலையுள்ளதை விரித்துப் போடும் கைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சிரித்துவிட்டு மலிவானதை எடுத்தேன்.

கருவி காட்டிய குறை சிறியது. பெட்ரோல் மூடியின் ரப்பர் வெடித்து, ஆவி கசிந்துகொண்டிருந்தது. புது மூடி போட்டேன். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை காரைக் கழுவி, பழைய எண்களையெல்லாம் அழித்து, நேராக இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஓட்டிப்போனேன்.

ஊரில் நான் பத்திரிகைச் செய்திக்காக அலைந்த காலத்தில், அண்ணன் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வருடா வருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். முதல் நாளே கீறல்களுக்குப் பெயிண்ட் அடித்து, டயருக்குக் கருப்பு பூசி, நம்பரைப் புதிதாக எழுதி வைப்பார். பிரேக்கைப் பார்த்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"பொண்ணு பாக்க வரச்சொல்ல மூஞ்சி கழுவாத உக்காருவாங்களாபா? பேப்பர்ல எழுதறியே, இதுகூட தெரில."

இன்ஸ்பெக்டர் தன் கணினியைக் காரில் சொருகினார். திரையைப் பார்த்தார்.

"பேட்டரியைக் கழற்றினீர்களா?"

"இல்லை. காலையில்தான் எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாகக் கொண்டுவந்திருக்கிறேன்."

நான் பெருமையோடுதான் சொன்னேன். அவர் முகம் மாறியது. "எதை மறைக்கிறீர்கள்?" என்றார். எண்களை அழிக்கும்போது கார் செய்து முடித்த சோதனைகளும் அழிந்துபோகின்றன. ஒன்றிரண்டு பாக்கி என்றால் விடுவார்களாம்; இதில் எல்லாமே காலி. "ஓட்டுங்கள். கார் மறுபடி தன்னைச் சோதித்துக்கொள்ளட்டும். திங்கள் ஏழு மணிக்குத் திறப்போம்." தோல்விச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். எனக்கு வெட்கமோ கோபமோ வரவில்லை. வர வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

வீட்டில் சீட்டை வாங்கிப் படித்த செல்வி, "கடைக்காரன் சொன்னத வாங்கிக்கினு வந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும் இல்ல?" என்றாள்.

"தெரிஞ்சிருக்கும்."

"அஞ்சு வருசமா உக்காந்துக்கினு இருந்தவ நானு. இப்ப வண்டி ரெடியா இல்லியாம்." சாவியை எடுத்துக்கொண்டாள். "வாங்க. வேலைக்குப் போற வழிதான? நானே ஓட்டறேன்."

சனியும் ஞாயிறும் அந்த முப்பது மைலைப் போவதும் வருவதுமாக ஓட்டினோம். எங்கேயும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் திரும்புவோம், வீட்டு வாசலில் திரும்புவோம். ஞாயிறு காலை ஊரிலிருந்து பேசிய அண்ணன், "நல்லா கீற வண்டிய கழுவிக் காட்டுனா ஃபெயில் பண்றானா? இன்னா ஊருபா அது!" என்றார்.

ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். இங்கே அந்த இடத்தில் பக்கத்தில் வருகிறவர்தான் உட்கார்வார். முன்னே ஒரு லாரி வேகம் குறைத்தபோதெல்லாம் என் வலது கால் தரைவிரிப்பை அழுத்தியது.

"கால எடுங்க. ஓட்டறது நானு" என்றாள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திங்கள் ஏழு மணிக்கு முதல் கார் எங்களுடையது. ஒரே ஒரு சோதனை பாக்கி என்று திரை காட்டியது. இன்ஸ்பெக்டர் புது ஸ்டிக்கரை ஒட்டினார். அங்கிருந்து செல்வியே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். முதல் நாள் என்பதால் மாலையில் நான் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. எஞ்சினை அணைத்துச் சாவியை என் கையில் வைத்தாள். "வரேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

கண்ணாடிக் கதவு மூடியது. வீட்டுக்குப் போகலாம் என்று, உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே சாவியை நீட்டினேன். எனக்கு எதிரே காகிதங்கள் வைக்கும் பெட்டியின் மூடிதான் இருந்தது. ஸ்டீயரிங் அந்தப் பக்கம் இருந்தது.