தஸ்னீம் வீட்டில் ஒரு செருமல்

பயனர் எண் 27. பெண். வயது முப்பத்தாறு. இல்லத்தரசி, வேலை எதுவும் இல்லை. கணவர் வெளிநாட்டில். பெரும்பாலும் தனிமையில் இருப்பவர். புதிய கருவிகள் மீது அச்சம் உண்டு. எங்கள் ஹெட்செட் இவருடைய தனிமையைப் பெருமளவு குறைத்தது.

தோஹாவில் ஒரு நிறுவனம், தன் ஊழியர்களின் வீடுகளுக்குக் கருவியைக் கொடுத்தனுப்பித் தயாரித்த அறிக்கையில் கீழக்கரை தஸ்னீம் இப்படித்தான் இருக்கிறாள். பெண் என்பது சரி. வயதும் கணவரும் சரி. மற்றதெல்லாம் வேறு யாரோ.

வேலை இல்லாத இந்த இல்லத்தரசியிடம் நோன்பு தொடங்கிய பிறகு ஜாக்கெட் துணி கொடுத்தால் பெருநாள் கழிந்துதான் கிடைக்கும். தனிமையில் வாடும் இவள் வீட்டுப் பின்கட்டில் லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் நடுவே எட்டுப் பெண்களாவது உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேர் அளவு கொடுக்க வந்தவர்கள். மற்றவர்கள் ஊரை அளக்க வந்தவர்கள். கருவிக்கு அஞ்சும் இவள் தையல் மிஷின் மோட்டாரைத் தானே கழற்றித் தானே மாட்டுவாள்.

வீடு அவளுடையது. கீழக்கரையில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறபோது வீட்டையும் அவள் பேரில் கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் வந்து தங்குவார். அவள் கணவன் முஹைதீன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வந்து தங்கினான். மரியாதை தெரிந்த மனிதன். முன்வாசல் நடையில் நின்று ஒரு தடவை செருமாமல் உள்ளே கால் வைக்கமாட்டான். செருமல் கேட்டதும் பெண்கள் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்வாசல் வழியே, பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்கில் இறங்கிவிடுவார்கள். "ஓம் மாப்பிள்ளைக்குத் தொண்டைக்கும் காலுக்கும் ஒரே நரம்புடீ" என்பாள் அடுத்த வீட்டு அக்கா, செய்யதம்மாள் லாத்தா.

முஹைதீனின் கம்பெனி கொடுத்த ஹெட்செட், கண்ணில் மாட்டுகிற பெரிய கண்ணாடி, லீவில் வந்த ஒருவர் பெட்டிக்குள் பேரீச்சம்பழத்தோடு வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கு அபிப்பிராயம் வந்துவிட்டது. "செக்குமாட்டுக்குக் கண்ணக் கட்டுவாங்க, சுத்துறது தெரியாமச் சுத்தும். இப்ப மனுசனுக்கும் வந்துருச்சு" என்றார் மளிகைக்கடை சீனி முகம்மது, கையிலிருந்த செல்போனை விட்டுத் தலையை நிமிர்த்தாமல். மாமியார் தெரு முழுக்கப் பெருமை பேசிவிட்டு, மருமகளிடம் வந்து "போட்டுராத, கண்ணு அவிஞ்சு போயிரும்" என்றார். செய்யதம்மாள் லாத்தா ஹராம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டு, தீர்ப்பைச் சரிபார்க்க மறுநாள் வந்து மாட்டிக்கொண்டாள். பின்கட்டு நடுவில் அருவி கொட்டியது. லாத்தா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். "அல்லாவே, நனையுதுடி!" பிறகு வாரத்துக்கு இரண்டு முறை ஹராம் செய்ய வந்தாள்.

தஸ்னீமுக்கு அருவி வேண்டியிருக்கவில்லை. ஒரு நல்ல ஜாக்கெட்டின் வெட்டை அதற்குள் ஏற்றிவிட்டால், விரித்த துணிமேல் வெளிச்சக் கோடாக வந்து படுத்தது. சாக்பீஸ் வேண்டாம், கோட்டின்மேல் கத்திரியை ஓட்டினால் போதும். மத்தியானம் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றினாள். வெட்டும் தையலும் அளவுமாக மாறி மாறிப் போகிற கை, ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றிக்கொண்டிருக்கவில்லை. "வீட்டப் பாக்கணும்போல இருந்தா அதுக்குள்ள வாரேன், நீ பாக்குறது எனக்கும் தெரியும்" என்று முஹைதீன் சொல்லியிருந்தான். வந்தால் போன் மாதிரி மணி அடிக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கண்ணாடி வந்த பத்தொன்பதாம் நாள் ஆபிதா அளவு கொடுக்க வந்தாள். பெருநாள் கழிந்து கல்யாணம். முக்காடில்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தஸ்னீம் அவள் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்திருந்தாள். காது மந்தமான செய்யதம்மாள் லாத்தா, சற்றுமுன் அருவிச் சத்தம் போதவில்லையென்று கண்ணாடியின் சத்தத்தை உச்சத்துக்கு வைத்துவிட்டுக் கழற்றிக் கொடுக்க, தஸ்னீம் அதை மாட்டியிருந்தாள். மிஷின் ஓடவில்லை. அறை அமைதியாக இருந்தது.

தஸ்னீமின் முகத்திலிருந்து ஓர் ஆண் செருமினான்.

எட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஆபிதா, மார்பில் சுற்றிய டேப்போடு, கையில் கிடைத்த யாருடைய துப்பட்டியையோ போர்த்திக்கொண்டு முடுக்கில் ஓடினாள். "அவன்தான்டீ! பதினாறு வருசமாக் கேக்குற தொண்ட, எனக்குத் தெரியாதா?" என்று செய்யதம்மாள் லாத்தா பின்வாசலில் நின்று முடுக்கு முழுவதும் கேட்கச் சொன்னாள்.

தஸ்னீம் கண்ணாடியைக் கழற்றிக் குப்புற வைத்தாள். போனில் அழைத்தாள்.

"மச்சான், நீங்க பாத்தீகளா?"

"செருமுனேன்ல புள்ள?"

"இன்னைக்குச் செருமுனீக. நேத்து?"

"நேத்தும் செருமுனேன். தெனமும் செருமிட்டுத்தான் பாக்குறது. நான் என்ன மரியாத தெரியாதவனா? ஒருத்தரும் எந்திரிக்கல. சரி, கண்ணாடிக்குள்ள வார மச்சான்தானே, ஒண்ணும் நெனைக்கலபோலன்னு இருந்துட்டேன்."

"தெனமுமா?"

"பெட்டி வந்ததுலேருந்து. கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கணும்ல?"

அதுவரை மிஷின் சத்தத்தில் அமுங்கிப்போன பதினெட்டுச் செருமல்கள். அவன் குரலில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. மனம் புண்பட்ட தொனிதான் இருந்தது. செருமாமல் பார்த்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மரியாதைதான் காட்டிக்கொடுத்தது.

மறுநாள் ஆபிதாவின் உம்மா வந்து, பின்வாசலுக்கு வெளியே நின்றபடியே துணியைக் கேட்டாள். தஸ்னீம் கண்ணாடி இல்லாத வெறும் முகத்தோடுதான் நின்றாள். அப்படியும் அந்த அம்மாள் முகத்தை மூடிக்கொண்டே வாங்கிப்போனாள். ஒவ்வொரு துணியாகத் திரும்பிப் போயிற்று. வரிசையில் நின்று மாட்டிப் பார்த்தவர்களெல்லாம் கண்ணாடியைத் தொட்டதே இல்லையென்றார்கள். தஸ்னீம் கண்ணாடியை மூன்று துணியில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் செய்யதம்மாள் லாத்தாவிடமே நீட்டினாள்.

லாத்தா வாங்கவில்லை. "பீரோவுக்குள்ள இருந்தாலும் அது முழிச்சிக்கிட்டுத்தான்டி இருக்கும். நீ வேணும்னு செஞ்சேன்னு சொல்லல. ஆனா நாங்க எந்தக் கண்ண நம்பி உக்காரதுங்குற?"

"எனக்கே தெரியாது லாத்தா."

"அதத்தான் சொல்றேன்."

பெருநாளுக்கு முந்திய வாரம், பதினாறு வருடத்தில் முதல்முறையாக, தஸ்னீமின் மிஷின் மேல் துணி மூடியிருந்தது. கணக்கெடுத்த நிறுவனத்துக்கு இது தெரிய வழியில்லை. ஒரு பெண் பதினெட்டு நாள், நாளைக்கு ஐந்து மணி நேரம் கருவியை மாட்டியிருந்திருக்கிறாள், ஆகவே தனிமை. பத்தொன்பதாம் நாள் திடீரென்று நிறுத்திவிட்டாள், ஆகவே அச்சம். வேலை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொடுத்தவன் முஹைதீன். பொய் சொல்லவேண்டும் என்று எழுதியதல்ல. பதினெட்டு நாள் பார்த்தும் அவன் கண்ணில் பட்டது வேறு.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவன் லீவில் வந்தான். சக்கரம் வைத்த பெட்டியை நடையில் நிறுத்தி, வழக்கம்போல ஒரு தடவை செருமினான்.

"பொம்பளையாளுக இருக்காக" என்றாள் தஸ்னீம், கதவுக்கு உள்ளேயிருந்து.

அதற்குமேல் ஓர் ஆண் கேள்வி கேட்கிற வழக்கமில்லை. பெட்டிமேல் உட்கார்ந்தான். அஸர் பாங்கு கேட்டது. மறுபடி செருமினான்.

"இன்னும் இருக்காக."

இரண்டு தெரு தள்ளியிருந்த தன் உம்மா வீட்டுக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனான். கல் பாவிய தெருவில் அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பின்கட்டில் ஒருவரும் இல்லை. மூன்று மாதமாக ஒருத்தியும் அங்கே வந்து உட்காரவில்லை.

நாற்பது நாளும் முஹைதீன் வந்து நடையில் நின்று செருமினான். நாற்பது நாளும் தஸ்னீம் கதவைத் திறக்கவில்லை.