விதைத்த நிலத்தில் ஓடிய ஜீப்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தூரிலிருந்து புத்தூர் போகும் சாலையில், கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில் நடந்தது இது. இதில் என் பங்கு பெருமைப்படும்படி இல்லை. அதனால்தான் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

நான் திருப்பதியில் குடியிருக்கிறேன். ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கிற வேலை. சொந்த ஊர் நகரி. நைனா விசைத்தறி ஓட்டியவர். என்னிடம் ஒரு ஜீப் இருக்கிறது, என்னைவிட இரண்டு வயது மூத்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஜீப் வந்தால் அது போலீஸ், இல்லையென்றால் எலெக்‌ஷன். கொஞ்ச நாள் கழித்து சந்தைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வந்தன. உள்ளே பத்துப் பேர், பின்னால் தொற்றிக்கொண்டு பத்துப் பேர். டிரைவர் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டுவார். அப்போதிலிருந்தே எனக்கு அதன்மேல் ஓர் ஆசை. புத்தூரில் ஒரு மெக்கானிக் கொட்டகையின் பின்னால், டயர் இல்லாமல் கல்லின்மேல் நின்றுகொண்டிருந்த வண்டியை வாங்கி, ஒன்றரை வருடம் உட்கார்ந்து ஓட வைத்தேன். மழை பெய்தால் என் மனைவி வண்டிக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு உட்காருவாள். மேட்டில் ஏறும்போது அது போடுகிற சத்தத்தில் பேசினால் காது கேட்காது. ஆனாலும் எந்தப் பள்ளத்திலிருந்தும் என்னை வெளியே கொண்டுவந்துவிடும். ஒரு தடவைகூட நட்டாற்றில் விட்டதில்லை.

இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். பெரும்பாலும் இளைஞர்கள். புத்தம் புது வண்டிகள். மாதம் ஒருமுறை எங்காவது கிளம்பிப் போய் சேற்றிலும் பாறையிலும் ஓட்டிவிட்டு வருவது வழக்கம். அந்த வாரம் நல்ல மழை. "எங்கே போகலாம்?" என்று கேட்டபோது நான்தான் அந்த இடத்தைச் சொன்னேன். கோடைக்காலத்தில் பஸ்ஸில் போகும்போது பார்த்திருந்தேன். ஏரிக்கு மேலே, சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, வேலியில்லாத செம்மண் பூமி. ஒரு ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கற்குவியல். தரிசு என்று நினைத்துவிட்டேன். இறங்கி நடந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அரை மணி நேரம் ஆட்டம் போட்டோம். ஈரமான மண்ணில் வட்டம் வட்டமாகச் சுற்றினோம். ஒருவர் கற்குவியலின்மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினார், மற்றவர்கள் வீடியோ எடுத்தார்கள். கற்கள் நாலாபுறமும் சரிந்தன.

அப்போதுதான் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா ஓடிவந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்திருந்தது.

"ஆபண்டய்யா! ஆபண்டி!" என்று, நிறுத்தச் சொல்லித் தெலுங்கில் கத்திக்கொண்டே வந்தவர், நடு நிலத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு எதிரில் கையை விரித்து நின்றுவிட்டார். வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் தரையைப் பார்த்தார். அதுவரை தெலுங்கில் திட்டியவருக்கு அதற்கப்புறம் தமிழ்தான் வந்தது.

"முந்தாநேத்துதானே வெதச்சோம்! கண்ணு தெரியலையா உங்களுக்கு? வேர்க்கடல போட்டுக்கீறோம்யா இதுல!"

நண்பர்கள் பதறிப்போய் இறங்கினார்கள். "சாரி அம்மா, தெரியலம்மா" என்று தெலுங்கில் கும்பிட்டுக் கும்பிட்டுச் சொன்னார்கள். ஒருவர் பர்ஸைத் திறந்து நோட்டுகளை நீட்டினார்.

"இத்த வெதச்சா மொளைக்குமா?" என்று கேட்டார் அந்த அம்மா. அவர் வாங்கவில்லை.

அந்த ஐந்து நிமிடமும் நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இடத்தைக் காட்டியவனும் நான்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மீட்டரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் கிளம்பியதும் நானும் பின்னாலேயே கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, டயரில் அப்பியிருந்த சேற்றைக் குச்சியால் குத்தி எடுத்தேன். செம்மண் கட்டியோடு ஏதோ உருண்டையாக விழுந்தது. எடுத்துத் துடைத்தேன். வேர்க்கடலைப் பருப்பு. ஈரத்தில் ஊதி, மேல்தோல் பிளந்து, வெள்ளையாக ஒரு முனை வெளியே வரத் தொடங்கியிருந்தது. நாலு டயரிலிருந்தும் ஒரு கைப்பிடி அளவு கிடைத்தது. அதை மனைவியிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "நீங்க எறங்கிப் போய் ஒரு வார்த்த சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் கிளம்பினேன். எட்டு மணிக்கு அங்கே போனபோது அந்த அம்மா நிலத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டித் தடத்தில் கல்லாக இறுகிக்கிடந்த மண்ணை விரலால் கீறி, நசுங்காத விதைகளாகப் பார்த்து ஒரு தட்டில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் சற்றுத் தள்ளி மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பிலேயே நின்றேன். "அக்கா, நேத்து வந்தவங்கள்ல நானும் ஒருத்தன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியும். மொட்ட வண்டில ஒருத்தன் எறங்காம குந்திக்கினு இருந்தானே. நீதானே?"

"ஆமாக்கா."

"தமிழ் ஆளா? எந்த ஊரு?"

"நகரிக்கா."

"நகரியா!" என்று கணவரிடம் திரும்பினார். "கேட்டியா? எங்கெங்கயோ இருந்து வந்த புள்ளைங்கல்லாம் எறங்கிக் கும்புட்டுச்சுங்க. நம்ம பக்கத்து ஊர்க்காரனுக்கு வாயத் தொறக்க ஒரு நாள் ஆயிருக்குது."

என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டேன். கணவர்தான் சொன்னார். அரை ஏக்கருக்குமேல் மண் இறுகிவிட்டது. மறுபடி உழுது விதைக்க வேண்டும். எல்லாரும் விதைக்கிற நேரம் என்பதால் டிராக்டர்காரர் வியாழக்கிழமைதான் வர முடியும் என்கிறார். அதற்குள் ஈரம் காய்ந்துவிடும். உழவு மாடுகளை விற்று மூன்று வருடம் ஆகிறது.

அப்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஜீப்பின் சரித்திரத்தை நான் தேடித்தேடிப் படித்தவன். ராணுவத்துக்காகச் செய்த வண்டி அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதே வண்டியை விவசாயிகளிடம் விற்றிருக்கிறார்கள். பின்னால் ஏர் பூட்டி உழலாம், சாயந்திரம் அதிலேயே சந்தைக்கும் போகலாம் என்று சொல்லி விற்றார்களாம். பழைய விளம்பரப் படம் ஒன்றையும் பார்த்திருக்கிறேன்.

"அண்ணே, மாட்டுக் கலப்பை இருக்குதா?" என்று கேட்டேன். அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றார்.

முதலில் விதை வேண்டும். அந்த அம்மாவின் தங்கை நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவரிடம் விதைத்தது போக மிச்சப் பருப்பு இருந்தது. வாங்கிவர அந்த அம்மாவை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் தானாகவே சொல்லத் தொடங்கினார்.

"எங்க மாமனாருக்குக் காலமெல்லாம் அடுத்தவன் பூமியிலதான் வேல. கவர்மெண்டு பட்டா குடுத்துச்சி. வந்து பாத்தா ஒரே கல்லு. அத்தினி பேரும் சிரிச்சாங்க. கூலிக்குப் போய்ட்டு வந்து, பொழுது எறங்கறதுக்குள்ள தெனம் ரெண்டு கூட கல்லு பொறுக்குவேன். பெரியவன் வவுத்துல இருக்கும்போதும் பொறுக்கினேன். பதினோரு வருசம் ஆச்சி, கடல போடறதுக்கு."

முந்தின நாள் எங்கள் வண்டி ஏறி விளையாடியது அந்தக் கற்களின்மேல்தான்.

விதையோடு தங்கையும் கைவேலைக்குக் கூடவே வந்தார். நாங்கள் திரும்பியபோது அந்த அண்ணன் கலப்பையைத் தயாராக வைத்திருந்தார். ஐந்து கொழு உள்ள இரும்புக் கலப்பை. ஜீப்பின் பின்கொக்கியில் சங்கிலி போட்டுக் கட்டினோம். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் நாலு சக்கரத்துக்கும் இழுப்பு கொடுத்து, ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

வண்டி துள்ளியது. கலப்பை மண்ணில் இறங்காமல் எகிறிக் குதிக்க, அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் குப்புறத் தள்ளியது. தங்கை அலறினார். நான் பிரேக்கை மிதித்துவிட்டு ஓடினேன். அவர் மண்ணைத் துப்பிக்கொண்டு, தோளைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா சாரு, இப்படியே என்னிய புத்தூருக்கு எலும்புக் கட்டு போட அனுப்பிடலாம்னு பாக்கறியா?" என்றார். நல்லவேளை, தோளில் சிராய்ப்புதான்.

"போதும்ணே, டிராக்டரே வரட்டும்" என்றேன். நிஜமாகவே பயந்துவிட்டேன். அந்த அம்மா விடவில்லை.

"பயந்துகினா ஈரம் நிக்குமா? நான் முன்னால நடக்கறேன். என் காலயே பாத்துக்கினு வா. நான் நின்னா நீயும் நின்னுடணும்."

அவர் வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளி நடக்கத் தொடங்கினார். இருக்கிற கியர்களிலேயே மெதுவானதைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், அவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டே போனேன். வண்டி வாங்கியதிலிருந்து அவ்வளவு மெதுவாக நான் ஓட்டியதேயில்லை. திரும்பிப் பார்த்தபோது ஐந்து கோடுகளாக மண் பிளந்து, ஈரமான சிவப்பு மேலே வந்துகொண்டிருந்தது.

இறுகிய இடம் முழுவதையும் இப்படி ஒருமுறை பிளந்தோம். நடுவில் ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்தது. நிறுத்திவிட்டு ஆறும்வரை காத்திருந்தோம். அண்ணன் ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"மாட்டுக்குத்தான் தண்ணி காட்டணும்னு நெனச்சேன். இதுக்கும் காட்டணுமா?" என்று சொல்லி ஜீப்பின் பானட்டை, மாட்டைத் தட்டுவதுபோலவே தட்டிக்கொடுத்தார். அந்த அம்மா அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

இரண்டாவது சுற்றில் உழும்போதே விதைக்க வேண்டும். நான் அவர் முன்னால் வருவார் என்று காத்திருந்தேன். அவர் விதைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இனிமே நீயே போய்டுவ" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டார். அக்காவும் தங்கையும் கலப்பை விட்ட சாலில் பருப்பைப் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே வந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. வரப்பில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த கேழ்வரகுக் களியை நான்கு பேரும் சாப்பிட்டோம். "நல்லா துன்னு தம்பி, வெக்கப்படாத" என்று இன்னொரு உருண்டை வைத்தார். தம்பி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். இரண்டு பேருக்கு அது பிடிக்காமல் குழுவை விட்டு விலகினார்கள். மற்ற நாலு பேர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு வந்து, சரிந்த கற்களைத் திரும்ப அடுக்கினார்கள். வெறும் கையால் பொறுக்கியபோது பத்து மணிக்குள் எங்களுக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, மொளச்சிடுச்சி. ரெண்டு எடத்துல கொஞ்சம் சந்து வுட்டிருக்குது, நீ கோணலா போன எடம்" என்றார். அந்த வருடம் மற்ற நிலங்களைவிட அந்த அரை ஏக்கரில் காய் கொஞ்சம் குறைவுதான். நான் கேட்டபோது மறைக்காமல் சொன்னார். அறுவடைக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். அக்காவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செடி பிடுங்கிக்கொண்டே, நான் இறங்காமல் உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் செய்தது பெரிய உதவி என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். கெடுத்தவன் திரும்பிப் போய்ப் பாதியைச் சரிசெய்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் பிந்திப் போனவனையும் அவர்கள் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதுதான் பெரிது. இந்த ஜீப்பில் எத்தனையோ பாறைகளிலும் ஆறுகளிலும் ஏறி இறங்கியிருக்கிறேன். ஆனால் அதை நான் சரியாக ஓட்டிய நாள் எது என்று கேட்டால், ஒரு பெண்ணின் காலடியைப் பார்த்துக்கொண்டே நடை வேகத்தில் போன அந்தத் திங்கட்கிழமையைத்தான் இன்றும் சொல்வேன்.