படத்தில் குறைந்த டீ

உலக ஓவிய வரலாற்றிலேயே நடக்காத ஒன்று, சத்தியமாக, கடலூர் முதுநகரில் என் மாடி அறையில் நடந்தது. ஓவிய வரலாற்றுக்கு என்னை இன்னும் தெரியாது. சர்வேயராக இருந்து ஓய்வுபெற்று, ஆன்லைனில் ஆறு வாரம் வரையக் கற்றுக்கொண்டு, வாசலில் 'ஓவியர் உத்திராபதி' என்று பலகை மாட்டியவன் நான்.

சிதம்பரத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு 'நட்பு' என்று ஒரு படம். மேசைமேல் இரண்டு கிளாஸ் டீ, அவ்வளவுதான். இடது கிளாஸ் என்னுடையது, சர்க்கரை போட்டது. வலது கிளாஸ் வித்தவுட், ஞானப்பிரகாசத்துடையது. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்தவன். தினமும் சாயங்காலம் 4.10க்கு வந்து எதிரே உட்காருவான். பேசிக்கொண்டே குடிப்போம். படம் ஆரம்பித்த பிறகு நான் குடிக்க விடவில்லை.

"தொடாத, மச்சான். லெவல் மாறிடும்."

"டீய ஆற வெச்சிட்டு இதுக்குப் பேரு நட்பா? சரி, நீ வரை."

இருபத்தோரு நாள். மே மாத வெயிலில் கழுத்தில் மஃப்ளர் சுற்றி வந்தான். குரல் கம்மிக்கொண்டே போனது. சளி என்றான். கடைசி நாள் மட்டும் கேட்டான்.

"ஒரு வாய் குடிச்சிக்கட்டுமா? ஒன் கிளாஸ்லேர்ந்து."

"ஒனக்குச் சக்கர ஆவாது. படம் முடியட்டும்."

சிரித்தான். போனான். வெள்ளிக்கிழமை விடியற்காலை செத்துப்போனான். மூச்சு நின்றுபோனது என்று மட்டும் வீட்டில் சொன்னார்கள்.

ஒரு வாய் டீ. கொடுத்திருக்கலாம். கோபத்தோடு போய்விட்டானோ என்பதுதான் என்னை அரித்தது.

திங்கட்கிழமை. 4.10. அறையில் நான் மட்டும். டீ வாங்கவேயில்லை.

சர்ர்ர்... உறிஞ்சும் சத்தம்.

படத்தைப் பார்த்தேன். இடது கிளாஸில் டீ இறங்கியிருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். ஆறு மில்லிமீட்டர் குறைவு. பெயிண்ட் உரியவில்லை. குறைந்த இடத்தில் வெறும் கண்ணாடி தெரிந்தது... நான் வரையாத கண்ணாடி. நான் வரைந்ததைவிட நன்றாக இருந்தது.

செவ்வாய். டீயை நிரப்பி வரைந்தேன். கதவைத் தாழிட்டேன்.

4.10. சர்ர்ர்...

வித்தவுட் அப்படியே இருந்தது. குறைந்தது என்னுடையது.

புதன். பாதி.

வியாழன்... அடிமண்டி மட்டும்.

"மச்சான், கோவமா?"

டக்.

கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம்.

அதன்பின் எதுவும் இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவன் மகள் ஆரோக்கிய ஜெனிபரிடம் சொன்னேன்: "கடைசியா ஒரு வாய் டீ கேட்டாம்மா. நான் குடுக்கல."

"குடுத்திருந்தாலும் குடிச்சிருக்க முடியாது மாமா. தொண்டையில புத்து. ஒரு மாசமா ஒரு சொட்டு எறங்கல. வயித்துல டியூப் போட்டுத்தான் கஞ்சி ஊத்தினோம். ஆனா நாலு மணியானா சட்டைய மாட்டிக்குவாரு. 'மச்சான் வூட்லதான் யாரும் குடி குடின்னு சொல்லமாட்டாங்க'ன்னுவாரு."

அவளே தொடர்ந்தாள்.

"எதிர்லயே உக்காந்திருந்தாரே மாமா. அப்பாவ ஒண்ணாவது வரைஞ்சிருப்பீங்க. குடுங்க, வூட்ல மாட்டணும்."

வீட்டுக்கு வந்து எல்லாத் தாளையும் புரட்டினேன். அத்தனையும் கிளாஸ். ஒரே ஒரு தாளின் ஓரத்தில் அவன் முழங்கை விழுந்திருந்தது. இடைஞ்சலாக இருந்ததால் அதன்மேல் நான் மேசை நிறத்தைப் பூசியிருந்தேன்.