ஆர்டித்தின் மெஷினில் நூல் அறுந்த வாரம்

ஆர்டித் ஹாவர்காம்ப் தன் அறுபத்து மூன்று வயதுக்குள் யாரிடமும் எதையும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இது பெரிய அதிசயம் இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். ஆனால் மற்றவர்கள் வாயால் சரி என்று சொல்லிவிட்டு வேலையிலிருந்து நழுவத் தெரிந்தவர்கள். ஆர்டித்துக்கு அது வராது. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை காபி போடும் முறை ஆண்டுக்கு ஒரு வீட்டுக்கு மாற வேண்டும். அவள் கைக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இனி நான் போடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை, நீங்கள் போடுங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

கெரிட்டைக் கட்டிக்கொண்டு பன்றிப் பண்ணைக்கு வந்தவள், இரண்டு பிள்ளைகளை வளர்த்து, பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் நின்றாள். அந்த வேலை போனதும் ஒரு போர்வைத் தையல் மெஷினைப் பழையதாக வாங்கி, வீட்டின் கீழ்த்தளத்தில் போட்டாள். சாதாரணத் தையல் மெஷினில் துணிதான் நகரும். இதில் துணி பன்னிரண்டு அடிச் சட்டத்தில் உருளைகளில் சுற்றி இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் கிடக்கும். மெஷின்தான் தண்டவாளத்தில் ஓடும். ஆர்டித் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு அதை இலை, கொடி, இறகு என்று வளைத்து ஓட்டுவாள். சுற்று வட்டாரப் பெண்கள் துண்டுத் துணிகளை மாதக்கணக்கில் சேர்த்துத் தைத்து மேல்துணி தயார் செய்வார்கள். நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பையும் அடித்துணியையும் சேர்த்து அவளிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். மூன்றையும் ஒன்றாகத் தைத்துப் போர்வையாக்குவது அவள் பாடு.

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: அடித்துணியாகப் பெட்ஷீட் வைக்கக் கூடாது. பெட்ஷீட்டின் நெசவு அத்தனை நெருக்கம். ஊசி இழைகளுக்கு நடுவே நுழைய வழியில்லாமல் வளையும், நூல் உரசி நைந்து அறும். ஆர்டித்தின் மருமகள் இந்த விதியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கீழ்த்தளச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

ஆகஸ்ட் மாதம் முதல் திங்கட்கிழமை, பக்கத்துப் பண்ணை மர்லீஸ் வான் ரோகெல் அந்தத் தாளிலேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, மடித்த பெட்ஷீட் ஒன்றை நீட்டினாள். அவள் மகளுக்குச் சனிக்கிழமை கல்யாணம்.

"மேல்துணி ஒருவழியா முடிஞ்சிடுச்சு ஆர்டித். அடிக்கு இத வெச்சிடு. தொட்டுப் பாரேன், எவ்ளோ வழவழன்னு இருக்கு. சனிக்கிழமை காலைல வந்து எடுத்துக்கறேன். நீ எப்பவும் முடிச்சிடுவியே."

ஆர்டித் தொட்டுப் பார்த்தாள். வழவழ என்றுதான் இருந்தது. மர்லீஸின் தலைக்கு மேலே மருமகளின் எழுத்துகள் தெரிந்தன. போன குளிர்காலத்தில் கெரிட்டுக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்தபோது ஒன்பது நாள் தொடர்ந்து, அடுப்பில் சுட்ட கேசரோலைத் தட்டோடு கொண்டுவந்து கொடுத்தவள் இந்த மர்லீஸ். ஒன்பதிலும் ஒரே பச்சை பீன்ஸ்தான், ஆனாலும் ஒன்பது நாள்.

"நல்ல கலர்" என்றாள் ஆர்டித்.

தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். ஆர்டித்துக்கு நாசமானது வாரம். அன்று மத்தியானம் சட்டத்தில் ஏற்றிக் கைப்பிடியைப் பிடித்தாள். முதல் இறகு முடிவதற்குள் நூல் அறுந்தது. மறுபடி கோத்தாள், அரை அடியில் அறுந்தது. மெஷினை வலமிருந்து இடமாக ஓட்டினால் உடனே, இடமிருந்து வலமாக ஓட்டினால் கொஞ்சம் தாமதமாக.

காரணம் அவளுக்கு மூன்றாவது தடவையிலேயே தெரிந்துவிட்டது. உண்மையில் பெட்ஷீட்டைக் கையில் வாங்கியபோதே தெரியும். ஆனால் துணிதான் காரணம் என்று ஒப்புக்கொண்டால் அடுத்து மர்லீஸுக்குப் போன் செய்ய வேண்டும். போன் செய்வதைவிட மெஷினைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது. மேலும், துணியைக் குறை சொன்னால் ஊர் என்ன சொல்லும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லும். பதினொரு வருஷமாக ஆர்டித்திடம் கொடுத்தால் கவலையில்லை என்று வாங்கிய பெயர். அந்தப் பெயரைத் தவிர அவள் தனக்கென்று சம்பாதித்தது பெரிதாக ஒன்றும் இல்லை.

அதனால் ஊசியை மாற்றினாள். அதைவிடத் தடித்த ஊசி போட்டாள். மேல்நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினாள், தளர்த்தியது போதாதென்று இன்னும் தளர்த்தினாள், தையல் அடியில் கொசகொசவென்று தொங்கியது, மறுபடி இறுக்கினாள். அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் கழற்றிப் பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டினாள். பருத்தி நூலை எடுத்துவிட்டு பாலியெஸ்டர் நூல் போட்டாள். நூல்கண்டில் சிலிக்கான் எண்ணெயை ஒரு கோடு இழுத்தாள். எல்லாம் முடித்து, சட்டத்தின் ஓரத்தில் மாட்டியிருந்த சோதனைத் துணியில் ஒரு பாபின் முழுக்க ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவைகூட அறவில்லை. போர்வைக்கு வந்தாள், அறுந்தது.

யாராவது இதைப் பார்த்திருந்தால், ஏம்மா, இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும் உனக்கு என்று கேட்டிருப்பார்கள். ஆர்டித் திரும்ப முதலிலிருந்து ஊசியை மாற்றினாள். செவ்வாய்க்கிழமை முழுவதும் அப்படிப் போயிற்று.

புதன்கிழமை காலை வெண்டலை வரச் சொன்னாள். வெண்டல் கிரூபர் ஒருகாலத்தில் பால் கறக்கும் மெஷின் ரிப்பேர் செய்தவர். மாடுகள் குறைந்து போர்வைக்காரிகள் பெருகியதும் இந்தப் பக்கம் வந்துவிட்டார். அறுபது மைல் ஓட்டிக்கொண்டு வந்து, மெஷினின் வயிற்றைத் திறந்து, நூலைப் பிடிக்கும் கொக்கியைச் சுற்றிக் காது குடையும் பஞ்சுக் குச்சியை ஓட்டினார். பிசிறு இருந்தால் பஞ்சு மாட்டும். மாட்டவில்லை. ஊசி இறங்கும் நேரத்தையும் கொக்கி வரும் நேரத்தையும் ஒத்துப் பார்த்தார். சோதனைத் துணியில் ஓட்டினார். பிறகு போர்வையின் அடியில் கையை விட்டு, பெட்ஷீட்டை நகத்தால் ஒரு கீறு கீறினார். ஆர்டித் காபிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றாள். அவர் வாயால் அது வந்துவிட்டால் போதும், வெண்டல் சொன்னார் என்று மர்லீஸிடம் சொல்லிவிடலாம். அவரை வரவழைத்ததே அதற்குத்தான்.

"நல்ல அடர்த்தியான துணி" என்றார் வெண்டல்.

"ஆமா."

"ரொம்பவே அடர்த்தி."

"ஆமா."

"யாரோடது?"

"மர்லீஸோடது. பொண்ணு கல்யாணத்துக்கு."

வெண்டல் காபியை வாங்கிக் குடித்தார். ஜன்னல் வழியாக மேலே தெரிந்த ஒரு துண்டு வானத்தைப் பார்த்தார். "மழ வரும்போல இருக்கு" என்றார்.

"சோளத்துக்கு நல்லதுதான்" என்றாள் ஆர்டித்.

அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. மர்லீஸின் மச்சானிடம்தான் வண்டி வாங்கினார். ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, "மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா. வேற என்னன்னு பாத்துக்க, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிப் படியேறினார். ஆர்டித்துக்கு அவர் மேல் கோபம் வந்தது. வாயில் என்ன கொழுக்கட்டையா இந்த மனுஷனுக்கு என்று நினைத்தாள். அதே கொழுக்கட்டை தன் வாயிலும் இருப்பது அவளுக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வரை தைத்தாள். போர்வையில் கால்பாகம் தாண்டவில்லை. அறுந்து கோத்த இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. இதற்கு முன் அவள் கையிலிருந்து இத்தனை மோசமான வேலை வெளியே போனதில்லை. இதைக் கொடுத்தாலும் பெயர் போகும், கொடுக்காவிட்டாலும் போகும். கைப்பிடியை விட்டாள். சரளைக்கல் பாதையில் அரை மைல் நடந்து மர்லீஸ் வீட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மர்லீஸ் கல்யாணத்துக்காக பன்றி இறைச்சி வைக்கும் ஹாம் பன்களை வரிசையாகப் பிளந்துகொண்டிருந்தாள். ஆர்டித் நாற்காலியில் உட்காரவில்லை.

"மர்லீஸ், அந்த பெட்ஷீட்ல நூல் நிக்க மாட்டேங்குது."

"அப்படியா" என்றாள் மர்லீஸ். கத்தி நிற்கவில்லை. "துணிக்கடைக்காரியும் அதத்தான் சொன்னா. பெட்ஷீட்ட அடியில குடுக்காதீங்க, எந்தத் தையல்காரியும் வாங்க மாட்டான்னு. நான்தான் சொன்னேன், ஆர்டித் ஒண்ணும் சொல்ல மாட்டா, அவகிட்ட எதக் குடுத்தாலும் வாங்கிக்குவான்னு."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. பாராட்டாகத்தான் சொன்னாள். அதுதான் ஆர்டித்துக்கு வலித்தது. மூன்று நாள் ஊசியோடு மாரடித்ததும் வெண்டல் அறுபது மைல் வந்ததும் எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. நல்லவள் என்று ஊர் தன்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் இதைத்தானா என்று நினைத்தாள்.

"சனிக்கிழமைக்கு முடியாது" என்றாள்.

மர்லீஸின் கத்தி நின்றது. "எப்பவும் முடிச்சிடுவியே."

"இது முடியாது. தெச்ச வரைக்கும் பிரிச்சிடறேன். நல்ல அடித்துணியா வாங்கிக் குடு, அடுத்த வாரம் தெச்சுத் தரேன். இல்லன்னா மேல்துணிய எடுத்துட்டுப் போ."

மர்லீஸ் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள், சமையலறையில் தவறுதலாக யாரோ நுழைந்துவிட்டதைப்போல. பிறகு, "பரவால்ல, பரவால்ல" என்றாள். எங்கள் பக்கத்தில் பரவாயில்லை என்று இரண்டு தடவை சொன்னால் பரவாயில்லாமல் இல்லை என்று அர்த்தம். அன்று சாயங்காலமே ஒரு பையில் புதிய துணி வந்தது, கதவைத் தட்டாமல் வாசலில் வைக்கப்பட்டிருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. நீள மேஜைகள், ஹாம் பன், உருளைக்கிழங்கு சாலட், புதினா மிட்டாய். ஆர்டித்தும் கெரிட்டும் மர்லீஸின் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேரோடு ஒரே மேஜையில் இருந்தார்கள். பரிசு மேஜையில் போர்வையைக் காணோமே என்று மணமகளின் அத்தை கேட்டாள். அங்கே நின்று காபி ஊற்றிக்கொண்டிருந்த மர்லீஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அத ஏன் கேக்கறீங்க. பாவம், ஆர்டித்தோட மெஷின் மக்கர் பண்ணுது. பழைய மெஷின்தானே."

மேஜையில் எல்லோரும் ஆர்டித் பக்கம் திரும்பினார்கள். அவள் தலையாட்டினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். தலையாட்டுவதற்கு அவளுக்கு அறுபத்து மூன்று வருஷப் பழக்கம் இருந்தது. கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மர்லீஸ்" என்றாள். குரல் உயரவில்லை. "நீ குடுத்த பெட்ஷீட்லதான் நூல் அறுந்துச்சு. குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் நீ குடுத்த."

அத்தை உருளைக்கிழங்கு சாலட்டை மிகுந்த அக்கறையோடு கிளறினாள். மர்லீஸ் காபிக் கூஜாவை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனாள். கெரிட் மட்டும் மென்றுகொண்டிருந்த பன்னை விழுங்கிவிட்டு, தன் மனைவியை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தார்.

திரும்பும்போது கெரிட் வண்டி ஓட்டினார். இரண்டு பக்கமும் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. தங்கள் பாதைக்குத் திரும்பும் இடத்தில் கெரிட் வேகத்தைக் குறைத்தார்.

"ஆர்டித்."

"என்ன?"

"இந்த நாப்பத்தொரு வருஷத்துல நானும் ஒனக்கு அந்த மாதிரி பெட்ஷீட் குடுத்திருக்கேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். போன வாரம் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"வண்டிய வீட்டுக்கு ஓட்டு" என்றாள். "ஒக்காந்து ஒண்ணொண்ணா சொல்றேன்."