விதி பதினான்கும் மூன்று கோல்களும்

விதி எண் பதினான்கு: ஆட்டத்தின் நடுவே மின்சாரம் நின்றுபோனால், அந்த ஆட்டம் முதலிலிருந்து மீண்டும் ஆடப்பட வேண்டும். அந்த வீடியோ கேம் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களில் விதிமுறைத் தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்தவன் நான் ஒருவன்தான் என்று இன்றும் அடித்துச் சொல்வேன்.

போன வாரம் ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது டீசல் புகை மூக்கில் ஏறியது. எதிரே ஒரு கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி மட்டும் மிச்சம். எந்தக் கட்டடம் என்பதே அந்தப் படியை வைத்துத்தான் தெரிந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், அலுவலகம் முடிந்ததும் நானும் பக்கத்து மேசை சிக்கந்தரும் அதில்தான் ஏறுவோம். மேலே கேம் சென்டர். ஆறு டிவி, கிழிந்த சோபா, வியர்வையும் பஃப்ஸும் கலந்த வாடை. நாற்பது தாண்டிய இரண்டு குமாஸ்தாக்கள் கல்லூரிப் பையன்களுக்கு நடுவே உட்கார்ந்து திரையில் கால்பந்து ஆடுவோம். அவனை முதலில் அங்கே கூட்டிப்போனதே நான்தான். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் நிஜப் போட்டி வந்தது. ஜெயிப்பவர் சென்னைக்குப் போய், தொழிலாகவே ஆடுகிறவர்களோடு மோதலாம். முதுகில் பெயர் அச்சிட்ட பனியன் உண்டு. நான் முறைப்படி அரை நாள் தற்செயல் விடுப்பு எழுதிக்கொடுத்தேன். சிக்கந்தர், "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

கடைசிச் சுற்றில் எங்கள் இருவரையும் மோதவிட்டார்கள். கல்யாண மண்டபம்; மணமேடையில் டிவி. என் உள்ளங்கை நனைந்துவிட்டது. கேரம் போர்டு பழக்கத்தில் விரலெல்லாம் பவுடர் போட்டுக்கொண்டேன். அதில்தான் கெட்டது. கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்கில் நிற்கவே இல்லை.

"அங்கிள், ஆட வந்தீங்களா, முறுக்குப் பிழிய வந்தீங்களா?" என்றான் கூட்டத்தில் ஒருவன். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சிக்கந்தர் மூன்றாவது கோலையும் போட்டுவிட்டான்.

அப்போது கரண்ட் போனது.

ஜெனரேட்டர் இருமி, புகை கக்கி எழுந்தபோது திரையில் ஆட்டமே இல்லை. நான் விதித்தாளை நீட்டினேன். நடுவர் அதை வாங்கக்கூட இல்லை.

"அண்ணே, மூணு வாங்கியாச்சு. இன்னும் எம்புட்டு வாங்கணும்?"

சிரிப்புக்கு நடுவே கோப்பை சிக்கந்தர் கைக்குப் போனது.

சென்னையில் முதல் ஆட்டத்திலேயே தோற்றான். அதில் எனக்குக் கிடைத்த நிம்மதியை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. ஆனால் பனியன் மிஞ்சியதே! ஞாயிறுதோறும் அதைப் போட்டுக்கொண்டு பரவை மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கினான். கோப்பையை மேசையில் வைத்துப் பேனா போட்டுவைத்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட நான் அதிலிருந்துதான் பேனா எடுக்க வேண்டியிருந்தது. தினமும் காலை பத்து மணிக்கு வயிறு எரிந்தது.

மேல்முறையீடு எழுதினேன். போட்டி நடத்தியவர்களுக்கு ஒன்று. எதிர்மனுதாரருக்கு நகல் அனுப்புவது முறை. அனுப்பினேன், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. எதிர்மனுதாரர் என்னிடமிருந்து நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

சிக்கந்தர் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தான். "ஏன் மாப்ள, கையில குடுத்தா வாங்க மாட்டேனா?"

"கையில குடுத்தா ஆதாரம் இருக்காதுல்ல."

"சரி. அப்ப பதிலும் முறைப்படியே வரும். அதுவரைக்கும் நீ தனியாவே போயி ஆடு."

தனியாகப் போய் யாரோடு ஆடுவது? அதன்பின் அந்தப் படியில் நான் ஏறவில்லை. அலுவலகத்தில் கோப்புகளைப் பற்றிப் பேசினோம், விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. போட்டி நடத்தியவர்கள் கடையைக் கட்டினார்கள். டிவியில் மாட்டி நாங்கள் ஆடிய அந்த விளையாட்டுப் பெட்டி இப்போது விற்பனையில் இல்லை. நான் ஓய்வு பெற்றேன், அவனும் பெற்றான். பதிவுத் தபாலையே விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள்.

அந்த விரைவுத் தபாலில்தான் அவன் சொன்ன பதில் வந்தது, பதினைந்து ஆண்டு கழித்து. தபால்காரர் நீட்டிய கைப்பேசித் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். விரல் நழுவியது, இரண்டு முறை போட்டேன்.

"பார்வை: தங்கள் மேல்முறையீடு. விதி பதினான்கு பொருந்தும். மூன்று கோல்களையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆரப்பாளையத்தில் படி மட்டுமே நிற்பதை நேரில் பார்த்தேன். எனவே மறு ஆட்டத்துக்கான வேறு இடத்தையும் நாளையும் தெரிவிக்கவும். எதிர்மனுதாரர்."

வரைவில் ஒரு குறை இல்லை. அதற்கும் வயிறு எரிந்தது. தேதி போட மட்டும் மறந்திருந்தான். ஓரத்தில் ‘பெறப்பட்டது’ என்று எழுதி, கடிதம் கைக்கு வந்த தேதியை நானே போட்டேன்: இந்த மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல்.